கிரேட் ஸ்லேவ் ஏரி: பனி தோண்டியது பாதி, பிளந்து கிடந்தது பாதி

கேள்வி: வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரி என்றும், அதைப் பனியாறுகள் தோண்டின என்றும் படித்தேன். வெறும் பனிக்கட்டி 600 மீட்டர் ஆழத்துக்குப் பாறையைத் தோண்டுமா? அந்த ஏரியும் அதைச் சுற்றியுள்ள நிலமும் எப்படி இருக்கும்?

தோண்டும். ஆனால் எங்கே கை வைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் நிலவியல் படித்தவன். ஏரியின் வடகரையில் இருக்கும் யெல்லோநைஃபில் இரண்டு குளிர்காலம் கழித்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு திருத்தம். 614 மீட்டர் என்று எல்லாரும் சொல்லும் ஆழம் ஏரி முழுக்கக் கிடையாது. கிழக்கே நீண்டு கிடக்கும் கிழக்குக் கை என்ற பகுதியில், கிறிஸ்டி விரிகுடாவில் இருக்கிறது அந்தக் குழி. ஏரியின் மேற்கு, நடுப் பகுதிகளில் அதில் நாலில் ஒரு பங்கு ஆழம் இருந்தாலே அதிகம். பெயர் ஒன்றுதான்; உண்மையில் இரண்டு ஏரிகளை ஒட்டவைத்த மாதிரி இது. மேற்கே அகலமான, ஆழம் குறைந்த, கலங்கல் ஏரி. கிழக்கே இடுங்கிய, செங்குத்தான பாறைக்கரை கொண்ட, பளிங்கு மாதிரித் தெளிந்த ஏரி. இரண்டும் சேர்ந்து 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ பெல்ஜியம் அளவு. கனடாவுக்குள்ளேயே முழுதாக அடங்கும் ஏரிகளில் இதைவிடப் பெரியது இதற்கும் வடக்கே உள்ள கிரேட் பேர் ஏரி ஒன்றுதான்.

ஏன் இரண்டு மாதிரி? வட அமெரிக்க வரைபடம் ஒன்றை எடுத்து, கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ், அதபாஸ்கா, வின்னிபெக் என்று வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். வில் மாதிரி ஒரு கோடு வரும். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய கடினப் பாறை. மேற்கே அதன்மேல் போர்வையாகப் படிந்த சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும். கடினமும் மிருதுவும் சந்திக்கும் விளிம்பில் பனி சுலபமாகப் பறித்துவிட்டது. அதனால்தான் பெரிய ஏரிகள் எல்லாம் அந்த விளிம்பில் மணி கோத்தது போல வரிசையாக நிற்கின்றன. கிரேட் ஸ்லேவ் ஏரியின் ஊடாகவே அந்த விளிம்பு ஓடுகிறது. யெல்லோநைஃபில் நின்றால் காலுக்கடியில் 270 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறை. கடலுக்கடியில் பீறிட்ட குழம்பு நீர் பட்டு உறைந்து தலையணை தலையணையாக அடுக்கிக் கிடப்பதை ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஏரியைக் கடந்து தென்கரையில் பைன் பாயின்டுக்குப் போனால், 40 கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான வயதில், வெதுவெதுப்பான கடலில் உயிர்கள் கட்டி வளர்த்த பாறைத்திட்டு. அந்தப் பழைய கடல்திட்டின் துளைகளில் சேர்ந்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் 1964 முதல் 1988 வரை வெட்டியெடுத்தார்கள். சுரங்கம் மூடியதும் ஊரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது தெருக்களின் தடம்தான் மிச்சம்.

கிழக்குக் கையின் கதை வேறு. சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு பழங்கண்டத் துண்டுகள் இங்கே வந்து மோதின. மோதியதோடு நிற்காமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டிலும் நகர்ந்தன. அந்த உரசலில் பாறை நசுங்கி, பிளந்து, நீளவாக்கில் வரிசையாக முறிவுகள் விழுந்தன. தென்கரையை ஒட்டி அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஓடும் மெக்டொனால்டு முறிவு அவற்றில் முக்கியமானது; விமானத்திலிருந்து பார்த்தால் நிலவியல் தெரியாதவர் கண்ணிலும் படும். இந்த முறிவுகளுக்கு நடுவே அன்றைய கடல் படிய வைத்த மணற்கல், களிப்பாறை, சுண்ணாம்புப் பாறை எல்லாம் உண்டு. அந்தச் சுண்ணாம்பில் ஸ்ட்ரோமடோலைட் எனப்படும், நுண்ணுயிர்கள் பாய் பாயாக வளர்ந்து கட்டிய மேடுகள் அச்சு அசலாக நிற்கின்றன. பிற்பாடு அந்த அடுக்குகளுக்கிடையே எரிமலைக் குழம்பு தட்டையாகப் புகுந்து இறுகியது. இந்தக் குழம்புப் பாறைதான் பெத்தாய் தீபகற்பத்தின் மேல்மூடி. மூடி கெட்டி, அடியில் இருப்பது மிருது. அதனால் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் நிற்கும் மலைமுகங்கள் நேரே தண்ணீரில் இறங்குகின்றன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்டி விரிகுடாவைத் தோண்டியது லாரன்டைட் பனிப்பாளம், அதாவது பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனி; கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்டது. அது வெறும் கட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை, தன் எடையிலேயே மெல்ல வழிந்தது. பனிக்கட்டி மட்டும் பாறையைச் சீவாது என்ற உங்கள் சந்தேகம் நியாயம்தான். பாறையைவிட அது மிருது. ஆனால் அதன் அடியில் கல்லும் மணலும் பதிந்திருக்கும். மணற்காகிதத்தில் காகிதமா தேய்க்கிறது? யெல்லோநைஃபின் பாறைமுகடுகள் பலவற்றில் அந்தக் கீறல்கள் இன்னும் அழியவில்லை, விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். பனி வந்த பக்கம் வழுவழுவென்றும், போன பக்கம் பிய்த்தெடுத்தது போலச் சொரசொரவென்றும் இருக்கும்.

அந்தப் பிய்த்தெடுத்த பக்கம்தான் முக்கியம். தேய்ப்பது மெதுவான வேலை. பனியின் அடியில் அழுத்தத்தால் உருகும் நீர் பாறை வெடிப்புக்குள் புகும், மறுபடி உறையும், வெடிப்பு அகலும், கடைசியில் பாறைத்துண்டு பனியோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து போகும். ஆழமாகத் தோண்டுவது இந்த வேலைதான், இதற்கு முன்கூட்டியே வெடிப்பு வேண்டும். கிழக்குக் கையில் வெடிப்புக்குப் பஞ்சமே இல்லை; அந்த மோதல் எப்போதோ நொறுக்கி வைத்திருந்தது. போதாததற்கு, முறிவுகள் ஓடும் திசையும் பனி வழிந்த திசையும் ஏறத்தாழ ஒன்று. கிழக்கு வடகிழக்கிலிருந்து வந்த பனிக்கு வாய்க்கால் தயாராக இருந்தது. வாய்க்கால் ஆழமாக ஆக அதில் பனியின் தடிமன் கூடும், வேகம் கூடும், இன்னும் ஆழமாகும். ஒருமுறை அல்ல, பனியுகத்தில் பனி வந்து வந்து போன ஒவ்வொரு முறையும் இதே பள்ளத்தில்தான் இறங்கியிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 156 மீட்டர் உயரத்தில். ஆழம் 614. ஆக, அடித்தளம் கடல்மட்டத்துக்கு 450 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, அதுவும் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டில். எந்த ஆறும் இப்படித் தோண்டாது. ஆற்றுக்கு அடித்தளம் கீழ்நோக்கிச் சரிந்தாக வேண்டும். தன் வாயைவிடத் தாழ்வாக ரொம்பத் தூரம் அறுக்க அதனால் ஆகாது. பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் மேற்பரப்பு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நகரும். அடியில் மேடு வந்தால் ஏறிக் கடந்துவிடும். குழியில் இறங்கி, குழியைக் கிளறி, மறுகரை ஏறிப் போகும் வித்தை பனிக்கு மட்டுமே தெரியும். வடக்கே இத்தனை ஆயிரம் ஏரிகள் இருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

பனி பின்வாங்கியபோது உருகிய நீர் உடனே ஓடிவிடவில்லை. பாரம் தாங்காமல் அழுந்திப் போயிருந்த நிலம், பனியின் ஓரத்தில் பெரிய தாம்பாளம் போலக் கிடந்தது. அதில் நீர் தேங்கி மெக்கானல் பனி ஏரி உருவானது. இன்றைய கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ், அதபாஸ்கா மூன்றையும் ஒன்றாக விழுங்கிய ஏரி. உச்சத்தில் பரப்பு 2 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. பாரம் இறங்க இறங்க நிலம் நிமிர்ந்தது, தாம்பாளம் சாய்ந்தது, நீர் வடிந்தது, மூன்று ஏரிகள் மிஞ்சின. காட்டுக்குள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, மேட்டில், கூழாங்கல் வரிசைகள் படிக்கட்டு போல அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்க்கலாம். எல்லாம் பழைய கடற்கரை, இல்லை, பழைய ஏரிக்கரை. அலை அடித்த காலத்தில் மட்டமாக இருந்த அந்த வரிசைகள் இன்று கிழக்கே போகப் போக உயர்கின்றன. கிழக்கில் பனி தடிமன், அதனால் அங்கே நிலம் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. நிமிர்வது இன்னும் முடியவில்லை.

இப்போது தண்ணீர். யெல்லோநைஃபில் ஆண்டு முழுக்கச் சேர்த்து 300 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழுவதே சந்தேகம். அவ்வளவு வறண்ட ஊரின் வாசலில் இவ்வளவு நீர் எங்கிருந்து? தெற்கிலிருந்து. ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ முக்கால் பங்கை ஸ்லேவ் ஆறு ஒன்றே கொண்டுவருகிறது. அது ராக்கி மலைகளில் பிறக்கும் பீஸ், அதபாஸ்கா ஆறுகளின் நீர். பீஸ் ஆறு வழியெல்லாம் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால், ஃபோர்ட் ரெசல்யூஷன் பக்கம் ஏரியில் கலக்கும்போது ஸ்லேவ் ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறம். அந்த வண்டல் பெரிய டெல்டாவாகப் படிந்திருக்கிறது. வில்லோ புதர்களும் சதுப்பும் கஸ்தூரி எலிகளும் நிறைந்த இடம். கோடைகாலச் செயற்கைக்கோள் படத்தில் பழுப்பு விசிறி ஒன்று ஏரிக்குள் விரிவது தெளிவாகத் தெரியும். கிழக்குக் கைக்கு அந்தக் கலங்கல் அவ்வளவாகப் போவதில்லை. அங்கே நீர் லாக்ஹார்ட் ஆற்றிலிருந்து வருகிறது. அது ஏற்கெனவே பல ஏரிகளில் தங்கித் தெளிந்து, மண் குறைந்த பாறை நிலத்தின் மேல் ஓடிவந்த நீர். கலங்கல் பக்கம் சத்து அதிகம், வெதுவெதுப்பும் கொஞ்சம் அதிகம், மீனும் விரைவாக வளரும். தெளிந்த பக்கம் பார்க்க அழகு. அங்கே ஒரு மீன் பெரிதாக ஆண்டுக்கணக்கு ஆகும். 1945இல் தொடங்கிய வணிக மீன்பிடிப்பு மேற்குப் பக்கத்தில்தான் வேரூன்றியது. பெரிய லேக் டிரவுட் தேடித் தூண்டிலோடு வருபவர்கள் கிழக்குக் கைக்குப் போகிறார்கள்.

மீன்களில் ஒயிட்ஃபிஷ், பைக், வால்ஐ, பர்பாட் எல்லாம் உண்டு. ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: இன்கொனு. பிரெஞ்சில் ‘தெரியாதது’ என்று பொருள். படகோட்டி வந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்த மீனை முன்பின் பார்த்ததில்லை, பெயரே அப்படி நின்றுவிட்டது. உள்ளூரில் ‘கோனி’. ஏரியில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முட்டையிட ஸ்லேவ் ஆற்றில் ஏறி, ஃபோர்ட் ஸ்மித் அருகே பாறைச் சுழல்கள் வழிமறிக்கும் வரை போகும். அதே சுழல்களின் நடுத் தீவுகளில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. கண்டத்திலேயே அந்த இனம் கூடு கட்டும் வடக்கோடி அதுதான்.

அடி ஆழத்தில் இருப்பவை இன்னும் சுவையானவை. மைசிஸ் என்ற, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான, கண்ணாடி போன்ற இறால் வகை ஒன்று. இருட்டியதும் ஆழத்திலிருந்து மேலேறி, விடியுமுன் இறங்கிவிடும். அதன் துணைக்கு ஆழ்நீர் ஸ்கல்பின் என்ற குட்டி மீன். இவை ஆற்றின் எதிரோட்டத்தில் ஏறி ஊர் ஊராகப் பரவும் உயிர்கள் அல்ல. பனிக்கு முன்னால் தேங்கிய அந்தப் பேரேரிகள் வழியாகப் பரவி, அவை வடிந்தபோது ஆழமான குழிகளில் தங்கிவிட்டவை. ஓர் ஏரியில் மைசிஸ் இருந்தால் ‘இங்கே ஒரு காலத்தில் பனி ஏரி நின்றது’ என்று ஊகிக்க அது நல்ல சாட்சி. கூழாங்கல் வரிசை சொல்வதையே இறாலும் சொல்கிறது.

குளிர்காலம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் அதை விட்டுவிட்டு இந்த ஏரியைப் பேச முடியாது. யெல்லோநைஃபில் ஜனவரிச் சராசரி மைனஸ் 25 டிகிரிப் பக்கம். டிசம்பர் நடுவில் சூரியன் ஐந்து மணி நேரம் தலைகாட்டும். ஜூனில் இருபது மணி நேரம் நிற்கும். ஓரங்கள் முதலில் உறையும். திறந்த நடுப்பகுதி காற்றும் ஆழமும் சேர்ந்து பிடிகொடுக்காமல் டிசம்பர் வரை இழுக்கும். பிறகு ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த பனித்தளம். யெல்லோநைஃபிலிருந்து எதிர்க்கரையில் உள்ள டெத்தா கிராமத்துக்குச் சாலையில் சுற்றிப் போனால் 27 கிலோமீட்டர், உறைந்த ஏரியின் மேல் 6.5 கிலோமீட்டர். லாரியே போகும். முதல் தடவை அதில் காரில் போனபோது, சக்கரத்தின் கீழே கரும்பச்சைக் கண்ணாடிக்குள் வெள்ளை வெடிப்புகள் ஆழமாக இறங்குவது தெரிந்து நான் காலைத் தூக்கிக்கொண்டது நினைவிருக்கிறது, காலைத் தூக்கினால் எடை குறையும் என்பது போல. தடித்த பனியில் அப்படிப்பட்ட வெடிப்பு சகஜம் என்பது பிறகு புரிந்தது. இரவில் குளிர் ஏறும்போது பனித்தளம் சுருங்கி, அந்த விரிசல் ஒலி கிலோமீட்டர் கணக்கில் ஓடும். கம்பியைச் சுண்டிவிட்டது மாதிரி ஆரம்பித்து இடி மாதிரி முடியும்.

அவதி எல்லாம் இடைப்பட்ட வாரங்களில்தான். யெல்லோநைஃப் விரிகுடாவில் படகுவீடுகளில் குடியிருப்பவர்கள் சிலர் உண்டு. பனி உறையும்போதும் உடையும்போதும், நடக்கவும் முடியாது, துடுப்புப் போடவும் முடியாது. அவர்கள் ஒரு படகைப் பனிமேல் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். உடைந்தால் உள்ளே குதிக்கலாம் என்று.

கரையில் காடு. மேற்கிலும் தெற்கிலும் கறுப்பு ஸ்ப்ரூஸ், ஜாக் பைன், பிர்ச். கிழக்கே போகப் போக மரம் குட்டையாகி, ஆளுயரமாகி, கையின் முனைக்கு அப்பால் மரமே இல்லாத வெளி. காரிபூ மான்கள் குளிர்காலத்துக்கு இந்த மரஎல்லையைத் தேடித்தான் வரும். வந்துகொண்டிருந்தன என்று சொல்வது சரி. 1980களின் நடுவில் நான்கரை லட்சத்துக்கு மேல் இருந்த பாதர்ஸ்ட் மந்தை 2018இல் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. காட்டுத்தீ இந்தக் காட்டின் இயல்புதான், ஜாக் பைன் கூம்பு திறக்கவே அந்தச் சூடு வேண்டும். ஆனாலும் 2023 ஆகஸ்டில் தீ நெருங்கி, 20,000 பேர் கொண்ட யெல்லோநைஃப் மொத்தமும் காலிசெய்யப்பட்டது இயல்பு என்று கடந்துபோகக் கூடியதல்ல.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கே அடிமை வியாபாரம் நடந்ததோ என்று கேட்கிறார்கள். இல்லை. தெற்கே இருந்த கிரீ பழங்குடியினர் தங்கள் எதிரிகளான டெனே பழங்குடியினரை இழிவாக ‘அடிமை’ என்று அழைத்த சொல்லை வெள்ளை வணிகர்கள் அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டார்கள். டெனே மொழிகளில் இதற்குப் பெயர் ‘பெரிய ஏரி’ என்பதுதான். டு நெதே என்பது கிழக்குக் கை மக்களின் வழக்கு. அவர்களின் ஊரான லுட்செல்கேக்குச் சாலை கிடையாது. லாக்ஹார்ட் ஆற்றின் பாரி அருவி அவர்களுக்குப் புனிதமான இடம். அருவியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பதாக நம்பி வேண்டிக்கொள்ளப் போகிறார்கள். அந்த அருவியையும் கிழக்குக் கையின் பெரும்பகுதியையும் சேர்த்து 2019இல் தைதெனே நெனே என்ற காப்புநிலம் அறிவிக்கப்பட்டது, 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நிர்வாகத்தில் அந்த மக்களுக்கும் பங்கு. பல பத்தாண்டுப் பேச்சின் பலன் அது.

வடகரையில் நடந்தது நேர்மாறு. யெல்லோநைஃபின் ஜயன்ட் சுரங்கத்தில் 1948 முதல் 2004 வரை தங்கம் எடுத்தார்கள். தாதுவை வறுத்தபோது வந்த ஆர்சனிக் டிரைஆக்சைடு தூள் 2,37,000 டன், ஏரிக்கரையில், நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. நீரில் கரையும் நஞ்சு. அதை வெளியே எடுப்பது இன்னும் ஆபத்து என்று முடிவுசெய்து, சுற்றியுள்ள பாறையையே நிரந்தரமாக உறைய வைக்கும் வேலை நடக்கிறது. குளிர்காலக் குளிரை வாங்கி நிலத்துக்குள் இறக்கும் குழாய்கள். மோட்டார் இல்லாமலே இயங்கும். பனி விட்டுப்போன பாறையில் மனிதன் மறுபடி பனியைப் புகுத்துகிறான், இந்த முறை எதையும் நகரவிடாமல் இருப்பதற்காக.

ஏரியின் நீர் மேற்கு முனையில் மெக்கன்சி ஆறாக வெளியேறி 1,738 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் சேர்கிறது. டெனே மக்கள் அதை டெ சோ, பேராறு, என்பார்கள். 2020இல் ஏரி வழக்கத்துக்கு மீறி நிரம்பியது. தெற்கில் தொடர்ந்த வறட்சியால் 2024இல் அளவீட்டு வரலாற்றிலேயே தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கி, ஆற்றில் சரக்குத் தெப்பங்கள் ஓட முடியாமல் போயின. ராக்கி மலையில் மழை பொய்த்தால் இங்கே படகு தரைதட்டும். பீஸ் ஆற்றில் 1960களின் கடைசியில் கட்டிய அணையும் ஆற்றுநீர் வரும் பருவத்தை மாற்றிவிட்டது.

நேரில் பார்க்க நினைத்தால் மார்ச் மாதம் போங்கள், பனிச்சாலையும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும், இரவில் துருவ ஒளியும் கிடைக்கும். இல்லையென்றால் ஜூலைக்குப் பிறகு. ஜூன் தொடக்கம் வேண்டாம். 1789இல், அந்த ஆற்றுக்குப் பிற்பாடு பெயர் தந்த நாடுகாண் பயணி அலெக்சாண்டர் மெக்கன்சி ஜூன் 9ஆம் தேதி இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தார். கடலைத் தேடிப் போகும் ஆறு மேற்கே எங்கோ இருக்கிறது என்று தெரியும். எதிரே பனிக்கட்டி. காற்று ஒதுக்கிவிடும் இடைவெளிகளில் மரப்பட்டைப் படகை நுழைத்து, தீவு தீவாகத் தங்கி, மழையில் நனைந்து, மீன் பிடித்துச் சாப்பிட்டு, ஏரியைவிட்டு அந்த ஆற்றுக்குள் நுழைந்தபோது தேதி ஜூன் 29.